அத்திமரம் போட்டுக்கொண்ட கோட்டு

ராதோய் தன் வாழ்க்கையில் இரண்டு வெள்ளம் பார்த்தவர். நீரேற்று நிலையத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்த காலத்தில், பம்பு வெடித்துக் கொட்டகைக் கூரை பறந்துபோனபோது, தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்த மனுஷர். அதற்கெல்லாம் ஆடாதவர், முதல் உறைபனி விழுந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஒரு பொருளைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

அது ஒரு கண்ணாடிக் கோப்பை. கோப்பை என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பிக்கு அது அக்கா முறை. அதற்குள் ராக்கியா என்கிற பிளம் சாராயம் கொஞ்சம், கோப்பைக்கே பயந்ததுபோல் அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"இது என்ன?" என்றார்.

"உன் ராக்கியா" என்றாள் அவர் பெண்டாட்டி வெலிச்கா.

"மிச்சம் எங்கே?"

"இதுதான் முதலும். இதுதான் மிச்சமும்."

விஷயம் இதுதான். ரத்த அழுத்தம் பார்த்த டவுன் டாக்டர், ஒரு நாளைக்குச் சின்னக் கோப்பையில் ஒன்று, அதற்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது ஒரு வரி. வெலிச்கா அதற்கு உரை எழுதிவிட்டாள். நிலவறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உரையை வாசித்தும் காட்டினாள்.

"தோட்டத்துல வேலை செஞ்ச நாளைக்கு ஒண்ணு. பெரிய வேலைன்னா ரெண்டு. அடுப்போரமாப் படுத்துக் கிடந்தா கோஸ் தண்ணி."

கோஸ் தண்ணி என்றால், குளிர்காலத்துக்காகப் பீப்பாயில் உப்புநீர் விட்டு முழுசு முழுசாக ஊறப்போட்டிருக்கும் முட்டைகோஸின் புளித்த சாறு. அந்த ஊரில் அது மருந்து. முந்தின நாள் கூத்தடித்தவர்கள் மறுநாள் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். கூத்தடிக்காமலே அதைக் குடிக்கச் சொல்வது, கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் மொய் மட்டும் வாங்குகிற அநியாயம் என்று ராதோய்க்குப் பட்டது.

சின்னக் கோப்பையைத் தொடாமல் எழுந்தார். மறுநாள் ஊர்க் கடையில், நாலு பேர் கேட்க, பக்கத்து வீட்டுப் பென்யோவின் முன்னால் சபதம் செய்தார். தன் பெண்டாட்டி அளந்து ஊற்றியதை இந்த ராதோய் குடித்தால், இந்த மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார்.

கடையில் சத்தம் நின்றுவிட்டது. ராதோயின் மீசை சாதாரண மீசை இல்லை. அவர் வாசலைத் தாண்டுவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே அது உள்ளே வந்துவிடும். சூப் குடிக்கும்போது அதற்குத் தனியாக ஒரு கைக்குட்டை உண்டு. டவுன் போட்டோக்காரர் பத்து வருஷம் அதன் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் வியாபாரம் பண்ணினார்.

பென்யோ மழமழவென்று சிரைத்த ஆள். மீசை வைத்தவர்கள்மேல் அவனுக்கு உள்ளூரக் காய்ச்சல் உண்டு.

"சரி அண்ணே" என்றான். "நிக்கலாய் திருநாள் அன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன். அண்ணி கண்ணு முன்னாடி எனக்கு ஒரு பெரிய கோப்பை, உங்களுக்கு ஒரு பெரிய கோப்பை, உங்க கையால ஊத்தணும். ஊத்துனா மீசை உங்களுது. இல்லேன்னா கத்தி என்னுது."

ஊரே மீன் சமைத்து விருந்து வைக்கும் நாள் அது. ராதோய் கையடித்துக் கொடுத்தார். அவருக்குப் பயம் இல்லை. ஏனென்றால் இலையுதிர் காலத்தில் ஊர்க் காய்ச்சும் கொட்டகையில் அவருடைய பிளம் பழத்துக்கு நாலு குடுவை ராக்கியா வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது மூன்று. நாலாவது குடுவை, பிரம்பு பின்னிய வயிறும் குட்டைக் கழுத்துமாக, கருவிக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கோழித் தீனியும் அதே கொட்டகையில்தான். வெலிச்கா எந்த நிமிஷமும் சாக்கைப் புரட்டலாம். வேறு இடம் வேண்டும். நிலவறை அவளுடையது. பரண் அவளுடையது. கட்டிலுக்கு அடியில் எல்லாம் அவளுடைய துடைப்பம் தினமும் ரோந்து போகிறது. ராதோய் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்து யோசித்தார். அத்திமரம் குளிரில் நடுங்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

அந்தக் குளிருக்கு அத்தி தாங்காது. அதனால் உறைபனி தொடங்கியதும் கிளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, வைக்கோல் சுற்றி, சாக்கு சுற்றி, பழைய துணியெல்லாம் போர்த்தி நிறுத்திவிடுவார்கள். மார்ச் மாசம் வரைக்கும் ஒரு ஈ காக்கை பிரித்துப் பார்க்காது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை வெலிச்காதான் செய்துவந்தாள்.

"இந்த வருஷம் அத்தியை நான் போர்த்துறேன்" என்றார் ராதோய்.

வெலிச்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் கவலை அதிகமானது.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ராதோய் வேலையை முடித்தார். குடுவையைத் தண்டோடு சேர்த்து இடுப்பு உயரத்தில் கட்டினார். அதன் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகினார். வைக்கோல், சாக்கு, அதற்கு மேல் தன் பழைய பம்பு நிலையத்து ஓவர்கோட்டு. குழாயின் மறுமுனையைக் கோட்டின் வலது கைக்குள் விட்டு, கைமடிப்பிலிருந்து ஒரு சுண்டுவிரல் நீளம் எட்டிப் பார்க்கவைத்தார். உச்சியில் ஒரு தொப்பி. தள்ளி நின்று பார்த்தார். தொந்தி விழுந்த ஒரு அதிகாரி, கை குலுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அன்றைக்குத் தபால் கொண்டுவந்த பெண் வேலிக்கு வெளியிலிருந்து அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ராதோய் போய் மரத்தோடு கை குலுக்கினார். குலுக்கின கையை வாய்வரைக்கும் தூக்கினார். ஆகா, அருவி. இரண்டு பாட்டு பாடி முடிக்கிற நேரம் குலுக்கினார். மரத்தின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். மேசைமேல் இருந்த சின்னக் கோப்பையை ஒரு விரலால் தள்ளி, நான் விட்டாச்சு என்றார்.

"சந்தோஷம்" என்றாள் வெலிச்கா. "உன்மேல என்னய்யா பிளம் வாசனை?"

"குளிரு."

"குளிருக்கு எப்பய்யா பிளம் காய்ச்சுது?" என்று கேட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள்.

மறுநாள் காலையில் வெலிச்கா கோஸ் பீப்பாயைத் திறந்தாள். கோஸ் ஊறும்போது சும்மா விடக்கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரப்பர் குழாயைப் பீப்பாயின் அடிவரைக்கும் விட்டு, பலமாக ஊதவேண்டும். கீழே உள்ள உப்புநீர் புரண்டு மேலே வந்தால்தான் கோஸ் அழுகாது. மூச்சு உள்ள ஆம்பளை வேலை. வருஷா வருஷம் ராதோய்தான் கன்னம் புடைக்க ஊதுவார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனும், கோஸ் போட்ட வாரத்தில், வீட்டில் இருக்கும் ஒரே குழாயைக் கொண்டுபோய் அத்திமரத்துக்கு மாட்டமாட்டான்.

"குழாய் எங்கேய்யா?"

ராதோய் ஜன்னல் பக்கம் திரும்பாமல் மீசையைத் தடவினார். "எலி" என்றார்.

"எலியா? ரப்பரையா?"

"குளிர்காலம். அதுக்கும் பசிக்குமில்லே?"

வெலிச்கா ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டிக்கொண்டு நின்ற கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, பாவம், அந்த எலிக்குப் பல் எப்படி வலித்ததோ என்று மட்டும் சொன்னாள். சந்தைக்குப் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு புதுக் குழாய் வாங்கிவந்தாள். ராதோய் அதால் பீப்பாயை ஊதிக்கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினார். மத்தியானம் எழுந்து வெளியே வந்தவர், வாசற்படியில் ஒரு கல்லில் இடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடினார். பார்த்தால், கோஸ் மிதந்து வராமல் இருக்க பீப்பாயில் பாரமாக வைக்கிற கல்.

"இது இங்கே என்ன பண்ணுது?"

"அதுக்கு இந்த வருஷம் வேலை இல்லை. வேற நல்ல பாரம் கிடைச்சிருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் மரத்தோடு கை குலுக்கினார் ராதோய். ஒரு சின்ன மடக்கு வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு வெறும் காற்று. குழாய் அவர் வாய்க்குள் கர்ரென்று குறட்டை விட்டது.

ராதோய் திடுக்கிட்டார். ஆனால் வாழ்நாளெல்லாம் பம்போடு குடித்தனம் நடத்தின மனுஷர். திடுக்கிட்ட கையோடு ஒரு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டார். குளிர். குளிரில் சரக்கு சுருங்கும். சுருங்கினால் குழாயின் நுனிக்குக் கீழே இறங்கிவிடும். பகல் வெயிலில் மறுபடி ஏறும். கறவை மாடுபோல, ஒரு வேளைக்கு இவ்வளவுதான் சுரக்கும். இதெல்லாம் அழுத்தம் சம்பந்தப்பட்ட சமாசாரம், பெண்டுகளுக்குப் புரியாது.

சொல்லிவைத்த மாதிரி மறுநாள் சாயங்காலம் சுரந்தது. அதே அளவு.

இப்போது ராதோய்க்கு வேறொரு கவலை. எலும்பு உறையும் குளிரில் தினமும் தோட்டத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே. அதனால் திராட்சைக்கொடியெல்லாம் வளைத்து மண்மூடினார். பிளம் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். வேலியில் உடைந்திருந்த பலகைகளை மாற்றினார். இருட்டும் நேரத்தில் எல்லாம் முடித்து, வியர்வையைத் துடைத்தபடி, தற்செயலாக அந்தப் பக்கம் போகிறவர்போல் மரத்தோடு ஒரு கை குலுக்கிவிட்டு வருவார்.

ஒரு நாள் முதுகு வலிக்கிறது என்று அடுப்போரம் படுத்துவிட்டார். அன்றைக்குக் குழாயில் காற்று மட்டும்தான். மறுநாள் வெறியோடு, புயலில் விழுந்துகிடந்த வாதுமை மரத்தை முழுக்கப் பிளந்து அடுக்கினார். அன்று இரட்டிப்பாக வந்தது. ராதோய் நடுத் தோட்டத்தில் நின்று விரலைச் சொடுக்கினார். புரிந்துவிட்டது. உடம்பு சூடாக இருந்தால் உறிஞ்சும் வேகம் கூடும். சோம்பிக் கிடந்தால் இழுவை விழுந்துவிடும். முழுக்க முழுக்க அழுத்தம்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. எருக்குழியைப் புரட்டினார். கிணற்றுத் தொட்டியைக் கழுவினார். கேட்காமலே புகைபோக்கியைச் சுத்தம் பண்ணிவிட்டுக் கரிக்கட்டையாக இறங்கி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பென்யோ வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

"என்ன அண்ணே, அண்ணி சாட்டை வாங்கியிருக்காங்களா?"

ராதோய் மீசையை முறுக்கிக் கண்ணடிப்பார். "எல்லாம் நடிப்பு, பென்யோ. உனக்குப் புரியாது. கத்திக்குத் துரு ஏறாமப் பாத்துக்கோ."

சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் பனி கொட்டியிருந்த காலையில் போலீஸ்காரர்போல் குனிந்து தடம் பார்த்தார். மரத்துக்குப் போன தடம், வந்த தடம் எல்லாமே அவருடைய பூட்ஸ் தடம்தான். இடது குதிகாலில் ஆணி இல்லாத பள்ளம்கூட அப்படியே இருந்தது. நிம்மதியாகத் திரும்பினார். பூட்ஸ் மட்டும் காலையில் போடும்போதே ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. அடுப்பைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டார். அலமாரியில் நாலு பூசணி இருந்த இடத்தில் மூன்று இருப்பதையும் கவனித்து வெலிச்காவிடம் சொன்னார்.

"அந்த எலியாத்தான் இருக்கும்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "ரப்பர் தின்ன எலிக்குப் பூசணி பெரிசா?"

நிக்கலாய் திருநாள் வந்தது. அன்றைக்கு ராதோய் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. ஜெயிக்கப்போகிறவன் கையில் அழுக்கு இருக்கலாமா? காலையிலிருந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மீசைக்கு மெழுகு போட்டார். வெள்ளைச் சட்டை மாட்டினார். வாதுமைப் பருப்பும் அரிசியும் அடைத்த கெண்டை மீன் அடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தது. அவர் திட்டம் சுலபமானது. பென்யோ வருவதற்குச் சற்று முன்னால் குடுவையை மரத்திலிருந்து எடுத்து நடுக்கூடத்து மேசையில் வைக்கவேண்டியது. விருந்தாளி முன்னால் வெலிச்கா சண்டை போடமாட்டாள். அந்த வீட்டில் அது வழக்கமில்லை.

பொழுது சாய்ந்ததும் தோட்டத்துக்குப் போனார். மரத்துக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சாக்கை விலக்கினார். வைக்கோலை விலக்கினார்.

உள்ளே பூசணி இருந்தது.

பிரம்புக் குடுவை இருந்த இடத்தில், அதே தொந்தி, அதே கட்டு. பூசணியின் தலையில் ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டில். பாட்டிலுக்குக் குளிராமல் இருக்க ஒரு கம்பளி உறை, ராதோய் அந்த நிமிஷம் காலில் போட்டிருந்த காலுறையின் அதே சிவப்புக் கோடு பின்னலில். குழாயின் நுனி பாட்டிலுக்குள் பணிவாக நின்றது. பாட்டில் காலி.

ராதோய் மரத்தையே பிடித்துக்கொண்டார். ஒரு நாள் வேலைக்கு ஒரு கோப்பை. வாதுமை மரத்துக்கு இரண்டு. படுத்த நாளைக்குக் காற்று. அழுத்தம்தான், சந்தேகமே இல்லை. யாருடைய அழுத்தம் என்பதில்தான் கணக்குத் தப்பிவிட்டது. இத்தனை நாளாக அவர் குடித்ததெல்லாம் வெலிச்கா அளந்து ஊற்றியது.

கை தானாக மீசைக்குப் போனது. அதே நேரம் தெருக்கதவு கிறீச்சிட்டது. பென்யோ வந்துகொண்டிருந்தான். திருநாள் கோட்டு, கையில் ரொட்டி. மேல்பையில் சவரக் கத்தியின் பிடி பூவைப்போல் எட்டிப் பார்த்தது.

ராதோய் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் விழுந்தார். வெலிச்கா மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வெறுங்கையோடயா வந்தே?" என்றாள். "அந்தப் பூசணியைக் கொண்டாந்திருக்கலாம். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வேணும்."

"வெலிச்கா. பென்யோ வந்துட்டான்."

"தெரியும். கத்தியைத் தீட்டிக் குடுன்னு காலையிலேயே சம்சாரத்துக்கிட்டக் கேட்டானாம். அவ வந்து சொன்னா."

"மீசை" என்றார் ராதோய்.

வெலிச்கா கரண்டியை வைத்துவிட்டு அந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கே இது இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி உனக்கு மேலுதடு இருக்குதான்னுகூட எனக்குத் தெரியாது. இந்த வயசுல தெரிஞ்சுக்கவும் ஆசையில்லை. கோழிக்கூண்டுக் கூரை?"

"மாத்துறேன்."

"தினமும்? மார்ச்சு வரைக்கும்? சொன்ன வேலை?"

"தினமும்."

"எங்க அக்கா வீட்டு விறகு?"

"அது எதுக்கு நான்..." என்று ஆரம்பித்தார். முன்வாசலில் பென்யோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. "பிளக்குறேன்."

வெலிச்கா மூலைக்குப் போய்க் கோஸ் பீப்பாயின் பலகையைத் தூக்கினாள். துணியை விலக்கினாள். உப்புநீர் சொட்டச் சொட்ட, பிரம்புக் குடுவையை வெளியே எடுத்தாள். இறுக மூடிய வாயோடு, கோஸின் மேல் பாரமாக, இத்தனை நாள் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதுக்கு அடியிலதான் ஊதிக்கிட்டிருந்தே" என்றாள். "போ. போய் உக்காரு. நெஞ்சை நிமித்திக்க."

நடுக்கூடத்தில் பென்யோ உட்கார்ந்திருந்தான். வெலிச்கா மேசையில் வைத்த இரண்டு கோப்பைகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. தண்ணீர் குடிக்கிற பெரிய கோப்பைகள். ராதோய் தன் கையால் குடுவையைச் சாய்த்து, பென்யோவின் கோப்பையை வழிய வழிய நிரப்பினார். வெலிச்கா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் ஊத்துய்யா, என்ன கஞ்சத்தனம் என்றாள்.

பிறகு அடுப்பங்கரையிலிருந்து ஆவி பறக்கும் ஒரு செப்புப் பானையைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

"உங்க அண்ணனுக்குக் குளிர்காலத்துல தேன் போட்டுச் சூடாக்கினாத்தான் பிடிக்கும்" என்றாள் பென்யோவிடம். "அவரே ஊத்திக்குவாரு. நான் எதுக்குக் குறுக்கே வரப்போறேன்?"

ராதோய்க்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு பெண்டாட்டியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மனசு உருகியது. பானையைச் சாய்த்தார். கோப்பை விளிம்புவரை நிரம்பியது. பென்யோ எச்சில் விழுங்கினான். ராதோய் மீசையின் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, தலையை அண்ணாத்தி, ஒரே மூச்சில் பாதிக் கோப்பையை இறக்கினார்.

கோஸ் தண்ணி. கொதிக்கக் கொதிக்க.

கண் பிதுங்கியது. காது இரண்டும் பின்னால் போய்த் திரும்பி வந்தன. மீசையின் நுனிகள் மெழுகையும் மீறி மேலே சுருண்டன. அன்றைக்குத் தான் ஒரு துரும்பையும் நகர்த்தாதது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"எப்படி அண்ணே இருக்கு?" என்றான் பென்யோ.

ராதோய் அவனைப் பார்த்தார். அவன் மேல்பையில் இருந்த கத்தியைப் பார்த்தார். வெலிச்காவைப் பார்த்தார். அவள் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

"அமிர்தம்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

பென்யோ கத்தியை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். தோத்துட்டேன் அண்ணே, வீட்டை ஆளுறதுன்னா இதுதான் என்று மனசாரச் சொல்லித் தன் கோப்பையை உயர்த்தினான்.

"சும்மா ஒண்ணோட நிறுத்தாதேய்யா" என்றாள் வெலிச்கா, பானையை அவர் பக்கம் நகர்த்தி. "இந்த வீட்டுல உனக்கு அளவு போட யாரு இருக்கா?"

ராதோய் கோப்பையை நிரப்பிக்கொண்டார்.